தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் சாதம்!

“பார்டரில்தான் இருக்கிறது, சார்!”

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் காகிதத்தை நீட்டிய பையன் இப்படிச் சொன்னான். ஏதோ சந்தோஷ சமாசாரம் சொல்கிறவனைப் போல் ஒரு புன்னகை வேறு! எனக்கும் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பார்டர் என்றால் இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை என்றுதானே அர்த்தம்? மயிரிழையில் பாஸான மாணவனைப் போல் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். வழியில் ஒரு காபியும் சாப்பிட்டேன். சர்க்கரை போட்டுத்தான்!

காகிதத்தில் இருந்த எண்கள் இவை: வெறும் வயிற்றில் 112. குளூக்கோஸ் தண்ணீர் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 158. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.1.

வீட்டில் அம்மா கேட்டாள்: “என்னடா சொன்னாங்க?”

“ஒண்ணுமில்லேம்மா. பார்டர்தானாம்.”

அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். “உங்க அப்பாவுக்கும் முதல்லே அப்படித்தான் சொன்னாங்க” என்றாள். அதற்கு மேல் அவள் பேசவில்லை.

அப்பா செய்த தியாகம்

என் தகப்பனார் தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயி. நாற்பத்தைந்து வயதில் அவருக்கு ‘எல்லைக்கோட்டில் சர்க்கரை’ என்று டாக்டர் சொன்னார். அன்றைக்கே அப்பா காபியில் சர்க்கரையை விட்டுவிட்டார். பாயசத்தை விட்டார். கோயிலில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டு பக்கத்தில் இருப்பவர் கையில் கொடுத்துவிடுவார். வெந்தயம் ஊறவைத்த தண்ணீர், பாகற்காய்ச் சாறு, வேப்பங்கொழுந்து எல்லாம் தவறாமல் நடந்தன. ஊரே அவருடைய வைராக்கியத்தைப் பார்த்து வியந்தது.

ஆனால், இலையில் விழுந்த சாதத்தின் உயரம் மட்டும் ஓர் அங்குலம்கூடக் குறையவில்லை! குழம்புக்கு ஒரு குன்று, ரசத்துக்கு ஒரு குன்று, மோருக்கு ஒரு குன்று. நாங்கள் யாரும் அதைச் சர்க்கரையோடு சம்பந்தப்படுத்திப் பார்த்ததே இல்லை. சாதம் சாதம்தானே, அது எப்படி இனிப்பாகும்?

சில வருஷங்களில் எல்லைக்கோடு தாண்டிப் போயிற்று. 2011-ல் காலில் ஒரு புண் ஆறாமல் இருந்து, பெருவிரலை எடுத்தார்கள். 2016-ல் மாரடைப்பில் போய்விட்டார். கடைசி வரையில் அவர் காபியில் சர்க்கரை போட்டுக்கொள்ளவில்லை.

அந்தக் காகிதத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். எனக்கு வயது முப்பத்தேழு. இரண்டு குழந்தைகள். டாக்டரிடம் போனேன்.

எது பார்டர்?

டாக்டர் நிதானமாக விளக்கினார். வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 100-க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 126-ம் அதற்கு மேலும் போனால் நீரிழிவு. இடைப்பட்ட 100 முதல் 125 வரையில் உள்ளவர்கள் வாசற்படியில் நிற்பவர்கள். (உலக சுகாதார நிறுவனம் இந்தக் கணக்கை 110-லிருந்து ஆரம்பிக்கிறது.) குளூக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 140 முதல் 199, எச்பிஏ1சி 5.7 முதல் 6.4, இவையும் அதே வாசற்படிதான். ஒரே ஒரு தரம் பார்த்து முடிவு கட்டிவிடக் கூடாது. சந்தேகம் இருந்தால் மறுபடியும் பார்க்க வேண்டும்.

உள்ளே என்ன நடக்கிறது? நாம் சாப்பிடும் மாவுச்சத்து குடலில் குளூக்கோஸாக மாறி ரத்தத்தில் சேருகிறது. அதை உடம்பின் தசைகளுக்குள் கொண்டு சேர்க்கும் வேலை இன்சுலினுடையது. தொப்பையிலும் ஈரலிலும் கொழுப்புச் சேரச் சேர, இன்சுலின் சொல்வதை உடம்பு சரியாகக் கேட்பதில்லை. ஆகவே கணையம் இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கிறது. பத்திரிகை ஆபீஸ் பாஷையில் சொன்னால், ‘ஓவர்டைம்’ செய்கிறது! பார்டர் என்பது அந்த ஓவர்டைம் காலம். இந்தக் காலத்திலேயே வேலையைக் குறைத்தால் கணையம் பிழைத்துக்கொள்ளும். விட்டுவிட்டால் ஒரு நாள் அது களைத்துப்போகும்.

“நான் ஒன்றும் குண்டு இல்லையே, டாக்டர்?” என்றேன்.

அவர் பதில் சொல்லாமல் அளவு நாடாவை எடுத்து என் இடுப்பைச் சுற்றினார். 96 செண்டிமீட்டர். நம் தேசத்து ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 என்பதுதான் எல்லையாம். கையும் காலும் ஒல்லி, நடுவில் மட்டும் ஒரு பானை என்பது நம்மவர்களுக்கே உரிய தேக வாகு. வெள்ளைக்காரர்களுக்கு வருகிற எடைக்கு வெகு முன்னாலேயே நமக்கு வியாதி வந்துவிடுகிறது.

துணைக்கு ஆள் இல்லையே என்ற கவலை மட்டும் வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2023-ல் வெளியாயிற்று. நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடியே 10 லட்சம் பேர்; வாசற்படியில் நிற்பவர்கள் 13 கோடியே 60 லட்சம் பேர்!

எட்டு நாள் சூரன்

நான் செய்த முதல் காரியம், எல்லோரும் செய்கிற காரியம்தான். மறுநாளிலிருந்து சாதத்தை அடியோடு நிறுத்தினேன். காலையில் ஓட்ஸ் கஞ்சி, மத்தியானம் வெள்ளரிக்காய், ராத்திரி மறுபடியும் ஓட்ஸ். எட்டு நாள் இந்தச் சூரத்தனம் நடந்தது. ஒன்பதாம் நாள் இரவு, வேலை முடிந்து பதினோரு மணிக்கு வெளியே வந்தேன். தெருமுனையில் பரோட்டாக் கல்லின் ‘டக் டக்’ சப்தம் கேட்டது. நாலு பரோட்டாவும் இரண்டு ஆம்லெட்டும் போன இடம் தெரியவில்லை. ஆம்லெட்டைக் குறை சொல்ல மாட்டேன். பரோட்டாவைப் பற்றி என்ன சொல்ல? மைதாவும் எண்ணெயும்!

அடுத்தது, கேழ்வரகு. “அரிசியை விட்டுட்டுக் கேவுரு சாப்பிடு, தம்பி, சக்கரை ஓடியே போயிடும்” என்று மாமா சொன்னார். அவர் இருபது வருஷ சர்க்கரைக்காரர், அனுபவஸ்தர். தினமும் மத்தியானம் இரண்டு பெரிய களி உருண்டை! வயிறு நிறைந்தது, மனமும் நிறைந்தது. விரலில் குத்திப் பார்க்கும் அந்தச் சின்ன இயந்திரத்தை மாமாவிடமே இரவல் வாங்கி, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தேன். 171!

இது எப்படி? விசாரித்தபோது விஷயம் விளங்கியது. நூறு கிராம் அரிசியில் 78 கிராம் அளவுக்கு மாவுச்சத்து இருக்கிறது. கோதுமை மாவிலும் கேழ்வரகிலும் அதைவிடக் கொஞ்சம் குறைவு. ஆனாலும் 64 கிராமுக்குக் குறையாது. கேழ்வரகில் நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம், அது நல்ல தானியம், சந்தேகமே இல்லை. ஆனால் அதை நைஸாக அரைத்து, கொதிக்க வைத்துக் களியாகக் கிண்டி, இரண்டு பந்து சாப்பிட்டால்? நார் அரைபட்டுவிட்டது, மாவு வெந்து குழைந்துவிட்டது, ரத்தத்துக்கு அவசரமாகப் போய்ச் சேருகிறது. சாமை, வரகு, தினை என்று இப்போது கடைகளில் அழகான பைகளில் விற்கிறார்களே, அவற்றையும் குன்று குன்றாகச் சாப்பிட்டால் இதே கதைதான். சப்பாத்தியும் அப்படியே. இரண்டு என்றால் மருந்து, ஆறு என்றால் விருந்து!

கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் பற்றியும் பலர் கேட்கிறார்கள். வாசனை வேறு, விலை வேறு. ரத்தத்துக்குள் போனபின் எல்லாம் ஒரே ஜாதி.

தராசு சொன்ன உண்மை

டாக்டர் என்னை உணவு ஆலோசகரான ஓர் அம்மையாரிடம் அனுப்பினார். நான் ஒரு பட்டியலை எதிர்பார்த்துப் போனேன். இதைச் சாப்பிடு, அதைச் சாப்பிடாதே என்று இரண்டு பத்தி அச்சடித்த காகிதம் கொடுப்பார் என்று நினைத்தேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்:

“மத்தியானம் எவ்வளவு சாதம் சாப்பிடறீங்க?”

“மிதமாகத்தான் சாப்பிடுகிறேன்.”

“அந்த மிதம் எத்தனை கிராம்? ஒரு நாள் நிறுத்துப் பார்த்துவிட்டு வாங்களேன்.”

ஞாயிற்றுக்கிழமை நிறுத்தேன். அம்மா வழக்கம்போல் பரிமாற, ஒவ்வொரு தரமும் தட்டைத் தராசில் வைத்துக் குறித்துக்கொண்டேன். குழம்புக்கு 210, ரசத்துக்கு 170, மோருக்கு 140. மொத்தம் 520 கிராம் சாதம்!

வெந்த சாதத்தில் நூற்றுக்கு 28 பங்கு மாவுச்சத்து என்று வைத்துக்கொண்டால், என் தட்டில் இருந்தது ஏறக்குறைய 145 கிராம். முப்பது ஸ்பூன் சர்க்கரைக்கு மேல்! காபிக்கு அரை ஸ்பூன் போடலாமா, கால் ஸ்பூன் போடலாமா என்று காலையில் மனைவியுடன் வாதாடிவிட்டு மத்தியானம் நான் செய்துவந்தது இதுதான். அப்பாவின் வைராக்கியம் அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது. அவர் விட்டது கடுகு, வைத்துக்கொண்டது மலை.

இதற்கு ஓர் ஆராய்ச்சியும் இருக்கிறது. 21 நாடுகளில் ஒரு லட்சத்து 32 ஆயிரம் பேரைப் பல வருஷம் கவனித்து, 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். நாளொன்றுக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சாதம் சாப்பிடுகிறவர்களுக்கு, 150 கிராமுக்குக் குறைவாகச் சாப்பிடுகிறவர்களைவிட நீரிழிவு வரும் அபாயம் அதிகமாக இருந்தது. நம்முடைய தெற்காசியாவில்தான் அந்த வித்தியாசம் மிகப் பெரிது: ஏறக்குறைய 60 சதவிகிதம் அதிகம். சாதம் ஒன்றே குற்றவாளி என்று இதனால் நிரூபணமாகிவிடாது. ஆனால் அவர்கள் ஒரு நாளைக்குச் சொன்ன அளவை நான் ஒரு வேளையிலேயே தாண்டிவிட்டேன் என்பதை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

‘தொட்டுக்கொள்ள என்ன?’

நம்முடைய பாஷையையே கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ‘சாப்பாடு’ என்றால் சாதம். “சோறு தின்னாச்சா?” என்றுதான் விசாரிக்கிறோம். பொரியலுக்கும் கூட்டுக்கும் நாம் வைத்திருக்கும் பெயர் என்ன? ‘தொட்டுக்கொள்ள’! விரல் நுனியால் தொட்டு, நாக்கில் வைத்துக்கொள்ள வேண்டிய பொருள். அதற்கு மேல் அதற்கு மரியாதை இல்லை. கல்யாண வீட்டில் பத்து வகைத் தொட்டுக்கொள்ள வைப்பார்கள். ஒவ்வொன்றும் ஒரு ஸ்பூன். நடுவில் சாதம் சிம்மாசனத்தில் வீற்றிருக்கும்.

ஆலோசகர் அம்மையார் சொன்னதன் சாரம் இதுதான்: சிம்மாசனத்தை மாற்றிவிடுங்கள். தட்டில் பாதி காய்கறி. கால் பாகம் பருப்பு, பயறு, முட்டை, மீன், தயிர் போன்றவை. மீதிக் கால் பாகம் சாதம். அதாவது, இனிமேல் சாதம்தான் தொட்டுக்கொள்ள!

இது அவருடைய சொந்த அபிப்பிராயம் அல்ல. நம் நாட்டில் பெரும்பாலோர் தங்கள் ஆகாரத்தின் சக்தியில் நூற்றுக்கு அறுபது முதல் எழுபத்தைந்து வரை மாவுச்சத்திலிருந்தே பெறுகிறார்கள். பார்டரில் இருப்பவர்கள் அதை ஐம்பது, ஐம்பத்தாறுக்கு இறக்கி, அந்த இடத்தில் புரதத்தை ஏற்றினால் பழைய நிலைக்குத் திரும்ப வழியுண்டு என்று 2022-ல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று கணக்கிட்டிருக்கிறது. சாதத்தை ஒழித்துக் கட்டு என்று அதில் எங்கும் இல்லை.

நான் எவர்சில்வர் கிண்ணம் ஒன்று வாங்கினேன். தலை தட்டினால் 150 கிராம் சாதம் பிடிக்கும். முதல் இரண்டு வாரம் இரண்டு கிண்ணம், பிறகு ஒன்று. உட்கார்ந்ததும் முதலில் கூட்டு, பொரியல், சுண்டல் இவற்றில் பாதியைச் சாப்பிட்டுவிடுகிறேன். அப்புறம்தான் சாதம். வரிசையை இப்படி மாற்றினாலே சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கரை எகிறுவது குறைகிறது என்று பரிசோதனைகளில் கண்டிருக்கிறார்கள். நம் விருந்தில் இலை போட்டதும் முதலில் இனிப்பை வைக்கிறோமே, அதற்கு நேர் விரோதம்!

மாமாவின் இயந்திரத்தில் இதையும் பார்த்தேன். கீரைக் கூட்டு, அவரைக்காய்ப் பொரியல், ஒரு கிண்ணம் சாதம், சாம்பார், மோர். சாப்பிட்டதும் பத்து நிமிஷம் தெருவில் நடை. இரண்டு மணி நேரம் கழித்து 134.

காலையில் ஆறு இட்லி மூன்றாயிற்று. சட்டினி பழைய அளவு, சாம்பார் இரண்டு மடங்கு, கூட ஒரு முட்டை. சாயங்காலம் ஆபீஸில் போண்டாவுக்குப் பதில் டப்பாவில் சுண்டல். கொண்டைக்கடலை மெதுவாக ஜீரணமாகிற பண்டம். ராத்திரி வரையில் பசி தாங்குகிறது. நவராத்திரிக்கு மட்டும் என்று அதை ஒதுக்கிவைத்த புண்ணியவான் யாரோ! பழத்தைப் பழமாகச் சாப்பிடுகிறேன்; சாறு பிழிவதில்லை. மாம்பழக் காலத்தில் ஒரு துண்டு, அல்லது இரண்டு. (மூன்று என்று மனைவி சாட்சி சொல்வாள்.) ராத்திரிச் சாப்பாட்டை ஏழரை மணிக்கே ஆபீஸில் முடித்துவிடுகிறேன்: இரண்டு சப்பாத்தி, ஒரு டப்பா நிறையப் பருப்புக் கூட்டு. வயிற்றில் இடம் இல்லாதபோது பரோட்டாக் கல்லின் சப்தம் அவ்வளவு இனிமையாக இருப்பதில்லை!

காய் நறுக்குவது யார்?

இதைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒரு விஷயத்தைச் சொல்வதே இல்லை. பாதித் தட்டுக் காய்கறி என்று சொல்வது சுலபம். ஐந்து பேர் உள்ள வீட்டில் அது தினம் ஒன்றரைக் கிலோ காய்! வாங்குவதற்குப் பணம் வேண்டும். நறுக்குவதற்கு ஆள் வேண்டும். மூன்றாம் வாரம் என் மனைவி அரிவாள்மணையை என் முன்னால் தள்ளினாள்.

“சர்க்கரை உங்களுக்கு, கை வலி எனக்கா?”

நியாயமான கேள்வி. அன்று முதல் காலை ஆறரை மணிக்கு நான் பீன்ஸ் நறுக்குகிறேன். இப்போது கொஞ்சம் ஒரே அளவாக வருகிறது. செலவைப் பொறுத்தவரை, கோசும் பூசணியும் சுரைக்காயும் கீரையும் எந்தக் காலத்திலும் அதிக விலை போவதில்லை. வெளியில் வாங்கித் தின்ற பலகாரச் செலவு நின்றதால் கணக்கு ஏறக்குறைய நேராகிவிட்டது.

காயைவிடக் கஷ்டம் அம்மாவின் கரண்டி. அந்தத் தலைமுறைத் தாய்மார்களுக்குப் பாசத்தின் அளவுகோல் சாதம்தான். “ஒரே ஒரு கரண்டி, மோருக்கு” என்று ஆரம்பிப்பாள். வேண்டாம் என்றால் முகம் வாடிவிடும். ஒரு மாதம் இப்படிப் போராட்டம் நடந்தது. பிறகு ஒரு நாள் அப்பாவின் காலைப் பற்றிப் பேசினோம். அவர் போனபிறகு முதல் தடவையாகப் பேசினோம். “நான் போட்ட சோறா அவரைக் கொண்டுபோச்சு?” என்று அம்மா கேட்டாள். இல்லை என்று சொன்னேன். அந்தக் காலத்தில் யாரும் நமக்குச் சொல்லவில்லை என்றேன். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். மறுநாள் கூட்டுக் கரண்டி பெரிதாயிற்று. சாதக் கரண்டி சிறிதாயிற்று.

இதனால் வராமலே போய்விடுமா?

சத்தியம் பண்ணிக் கொடுக்க முடியாது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நம்மைப் போல் வாசற்படியில் நின்ற 531 பேரை வைத்து ஓர் ஆராய்ச்சி செய்து 2006-ல் வெளியிட்டார்கள். வெறுமனே விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு மூன்று வருஷத்துக்குள் நீரிழிவு வந்துவிட்டது. ஆகாரத்தைத் திருத்தி, தினம் அரை மணி நடந்தவர்களில் 39 பேருக்கு வந்தது. அந்த 39 பேரையும் மறக்கக் கூடாது. அவர்கள் சோம்பேறிகள் அல்ல. ஆனால் நூற்றுக்குப் பதினாறு பேர் தப்பினார்களே! அவர்களுக்கு எடைகூட அதிகம் குறையவில்லை என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த விஷயம். மெலியவில்லையே என்று மனம் உடைந்து பாதியில் விட்டுவிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. ஏற்கனவே சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டுத் திடீரென்று சாதத்தைக் குறைத்துப் பருப்பை ஏற்றிவிட வேண்டாம். உங்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

ஆறு மாதம் கழித்து எனக்கு மறுபடியும் பார்த்தார்கள். வெறும் வயிற்றில் 101. குளூக்கோஸுக்குப் பிறகு 137. எச்பிஏ1சி 5.8. இடுப்பு 91. இன்னும் வாசற்படியில்தான் நிற்கிறேன். ஆனால் முகம் தெருப்பக்கம் திரும்பியிருக்கிறது.

ஊரில் வயலைப் பார்த்துக்கொள்ளும் தம்பிக்கு முப்பத்துமூன்று வயது. “எனக்கென்ன, நான் வெயில்லே உழைக்கிற ஆளு” என்று ரத்தம் கொடுக்க மறுத்துக்கொண்டே இருந்தான். போன வாரம் பொங்கல் விதை நெல் விஷயமாகப் பட்டணம் வந்தவனை அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டாள். நேற்றுச் சாயங்காலம் காகிதம் வந்தது: வெறும் வயிற்றில் 108.

இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது அம்மா வீட்டில் இல்லை. அதே மாதிரி இன்னொரு எவர்சில்வர் கிண்ணம் வாங்கக் கடைக்குப் போயிருக்கிறாள்.